புண்ணில் புழு: மூடி மறைக்கக்கூடாத ஒரு விஷயம்

(கிளைச் சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்றைய தலைப்பைச் சொன்னவுடன் செயலாளர் கொஞ்சம் தயங்கினார். "டிபனுக்கு முன்னாலேயா, பின்னாலேயா?" என்று கேட்டார். முன்னாலேயே முடித்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன். கேட்பதற்குச் சற்று அருவருப்பாக இருக்கும். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

உயிரோடு இருக்கும் மனிதரின் உடம்பில் ஈ முட்டையிட்டு, அது பொரிந்து, புழு சதையைத் தின்று வளர்வதற்கு மருத்துவத்தில் மையாசிஸ் என்று பெயர். கிரேக்க மொழியில் 'மையா' என்றால் ஈ. ஃபிரெடரிக் வில்லியம் ஹோப் என்ற ஆங்கிலேயப் பூச்சியியல் அறிஞர் 1840-ல் வைத்த பெயர் இது. நான் டாக்டர் அல்ல. விலங்கியலில் பி.எஸ்ஸி. படித்துவிட்டு, முப்பத்தைந்து வருஷம் சர்க்கார் ஃபைல்களோடு காலம் தள்ளியவன். ஆகவே ஈயைப் பற்றி நான் சொல்வதை நம்பலாம். வைத்தியத்தை டாக்டரிடம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நம் வீடுகளில் இதை "புழு வெச்சுடுத்து" என்று சொல்வார்கள். அதையும் பக்கத்து வீட்டுக்குக் கேட்காத குரலில் சொல்வார்கள். காரணம் உங்களுக்குத் தெரியும். ஒருவரைச் சபிக்க வேண்டுமானால் "புழுத்துச் சாவாய்" என்பது நம் பாஷையில் கடைசி வார்த்தை. புராணங்களில் வரும் நரகங்களில் கிருமிபோஜனம் என்று ஒன்று உண்டு. 2005-ல் வந்த 'அந்நியன்' படம் அந்தப் பெயரைப் பேரன் பேத்திகள் வரை கொண்டு சேர்த்துவிட்டது. இதையெல்லாம் கேட்டு வளர்ந்த ஒருவர், பெற்ற தாயாரின் காலில் புழு நெளிவதைப் பார்த்தால் முதலில் என்ன செய்வார்? கதவைச் சாத்துவார்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் அப்படித்தான் நடந்தது. ஊர் பேர் வேண்டாம். மாமிக்கு எண்பது வயது தாண்டியாயிற்று. இருபத்தைந்து வருஷமாகச் சர்க்கரை. பிள்ளை வெளிநாட்டில், பெண் வேறு ஊரில். பகலில் மட்டும் ஒரு உதவிப்பெண் வந்து போவாள். கால் விரல் இடுக்கில் சின்னதாக ஒரு புண். பழைய வேஷ்டித் துணியைக் கிழித்துச் சுற்றியிருந்தார்கள். அது நடக்க நடக்க நழுவிக்கொண்டே இருந்திருக்கிறது. வலிக்கிறதா என்று கேட்டால் மாமி "ஒண்ணுமே தெரியலை" என்றாராம். உதவிப்பெண் ஏதோ வாடை வருகிறது என்று சொன்னதும், எலி செத்திருக்கும் என்று மாமா பீரோவை நகர்த்திப் பார்த்திருக்கிறார். நாலாம் நாள் துணியை அவிழ்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அப்போதும் மாமா யாரிடமும் மூச்சு விடவில்லை. டெட்டாலும் மஞ்சள் தண்ணீருமாக ஊற்றிக்கொண்டு இன்னும் இரண்டு நாள். பெண் வந்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனபோது இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

பிள்ளை தினமும் வீடியோவில் பேசிக்கொண்டுதான் இருந்தான். முகம் தெரியும், குரல் கேட்கும். வாடை தெரியாதே!

அந்தப் பெண் என்னிடம் கேட்ட கேள்விக்காகத்தான் இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டேன். "மாமா, அம்மா அப்படி என்ன பாவம் பண்ணினா?" என்றாள்.

பாவத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று வெறும் வாயால் சொன்னால் மனசு ஏற்காது. அது எப்படி வருகிறது என்று தெரிந்தால் ஏற்கும்.

நம் முன்னோர் ஜீவராசிகளை நான்காகப் பிரித்தார்கள்: கருப்பையில் பிறப்பவை, முட்டையில் பிறப்பவை, பூமியைப் பிளந்து முளைப்பவை, வியர்வையிலும் புழுக்கத்திலும் பிறப்பவை. கடைசி வகைக்கு ஸ்வேதஜம் என்று பெயர். ஐரோப்பாவிலும் இதே எண்ணம்தான் இருந்தது. அழுகலில் புழு தானாக உண்டாகும் என்று பெரிய பெரிய பண்டிதர்களே நம்பினார்கள். 1668-ல் இத்தாலியில் ஃபிரான்செஸ்கோ ரெடி என்ற வைத்தியர் ஒரு சுலபமான பரீட்சை செய்தார். ஜாடிகளில் மாமிசத்தைப் போட்டார். சிலவற்றைத் திறந்து வைத்தார், சிலவற்றின் வாயை மெல்லிய துணியால் மூடினார். திறந்த ஜாடியில் புழு வந்தது. மூடிய ஜாடியில் மாமிசம் அழுகியது, ஆனால் புழு இல்லை. துணியின் மேலே ஈக்கள் வந்து உட்கார்ந்து முட்டையிட்டிருந்தன, அவ்வளவுதான். உலகத்துக்குப் பெரிய உண்மையைச் சொன்ன அந்தத் துணியைத்தான் இன்று நம் வீட்டுப் புண்ணின்மேலும் போடச் சொல்கிறேன். ஒழுங்காக மூடிய புண்ணில் ஈ உட்கார முடியாது. ஈ உட்காராத புண்ணில் புழு வராது.

எந்த ஈ? சமையலறையில் சுற்றும் சாதாரண ஈயும் சமயத்தில் இந்த வேலையைச் செய்யும். சதை ஈ என்று ஒரு ஜாதி உண்டு. அது முட்டைகூட இடாது, குட்டிப் புழுவாகவே விட்டுவிட்டுப் போகும். ஆனால் நம் நாட்டில் உயிருள்ள சதையைத் தின்னும் நிஜமான எதிரி, கிரிசோமியா பெஸ்ஸியானா என்கிற ஈ. பார்க்க அழகாக, பளபளவென்று நீலப்பச்சை நிறத்தில் இருக்கும். இதைப் பற்றி முதலில் விரிவாக எழுதியவர்களில் ஒருவர், இந்திய மருத்துவப் பணியில் இருந்த டபிள்யூ. எஸ். பேட்டன். சென்னை கிண்டியில் கிங் இன்ஸ்டிட்யூட்டில் வேலை பார்த்தவர். அங்கே உடன் இருந்த கிராக் என்பவரோடு சேர்ந்து 1913-ல் மருத்துவப் பூச்சியியலுக்கு ஒரு பெரிய பாடப்புத்தகம் எழுதினார். 1920-களின் தொடக்கத்தில் வெளியிட்ட கட்டுரைகளில், இந்தியாவில் மனிதருக்கும் மாட்டுக்கும் புண்ணில் புழு வைப்பது பெரும்பாலும் இந்த ஈதான் என்று எடுத்துக் காட்டினார். கிண்டி பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு ராஜ்பவனோ ரேஸ்கோர்ஸோ ஞாபகம் வராது, இந்த ஈ தான் ஞாபகம் வரும்!

மற்ற ஈக்கள் செத்த பிராணியில் முட்டையிடும். இது உயிருள்ள உடம்பில் மட்டுமே முட்டையிடும். புண் பெரிதாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. மாட்டுக்கு உண்ணி கடித்த இடமே போதும். ஒரு தடவைக்கு நூறு, இருநூறு முட்டை. அவை ஒரே நாளில் பொரிந்துவிடும். இதைக் கவனிக்க வேண்டும். இன்று சாயந்திரம் வெறும் புண், நாளை சாயந்திரம் புழு உள்ள புண். அதன்பின் ஐந்தாறு நாள் தலையை உள்ளே விட்டுக் குடைந்துகொண்டே போகும். நன்றாக வளர்ந்ததும் தானாகக் கீழே விழுந்து, மண்ணுக்குள் புகுந்து கூட்டுப்புழுவாகி, ஈயாகப் பறந்துவிடும். ஆகவே நாலு நாள், ஆறு நாள் என்று கதவைச் சாத்திக்கொள்வது, புழு வயிறு நிறையச் சாப்பிடக் கொடுக்கும் அவகாசம்.

யாருக்கு வருகிறது? ஈயை விரட்ட முடியாதவர்களுக்கு. இதைவிடச் சரியாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பக்கவாதம் வந்து படுத்தவர்கள், நினைவு தப்பியவர்கள், படுக்கைப்புண் உள்ளவர்கள். சர்க்கரையால் காலில் உணர்ச்சி போனவர்களுக்குப் புழு நெளிவதே தெரியாது. வாயைத் திறந்தபடி மூச்சு விட்டுக்கொண்டு படுத்திருப்பவர்களுக்கு ஈறில் வரும். காதில் சீழ் வடியும் குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் காதில் வரும். தலையில் பேன் கடித்துச் சொறிந்து புண்ணாகி, சடை பிடித்த முடிக்குள் வருவதும் உண்டு. ஞாபக மறதி வியாதி உள்ள வயதான பெண்மணிகள் தலையைத் தொட விடமாட்டார்கள். அங்கே ஜாக்கிரதை தேவை. அறுவை சிகிச்சை ஆன புண், புற்றுநோய்ப் புண் எதிலும் வரலாம். ஆஸ்பத்திரிப் படுக்கையிலேயே வந்ததாக உலகம் முழுவதிலிருந்தும் மருத்துவப் பத்திரிகைகளில் எழுதியிருக்கிறார்கள். ஆகையால் வீட்டில் வந்துவிட்டது என்றால் மருமகளையோ உதவிப்பெண்ணையோ குற்றவாளிக் கூண்டில் நிறுத்த வேண்டியதில்லை. திட்டு விழும் என்று பயந்தால், அடுத்த தடவை வாடை வருகிறது என்று அவள் சொல்லமாட்டாள்.

மூக்கில் வருவதுதான் எல்லாவற்றிலும் மோசம். மூக்கின் உட்சதை சுருங்கி, பொருக்குத் தட்டி, நாற்றம் வரும் ஒரு வியாதி உண்டு. அந்த நாற்றம் நோயாளிக்குத் தெரியாது. முகரும் சக்தி போயிருக்கும். ஈ அந்த வாடைக்கு வரும். மூக்கில் ஏதோ ஊர்கிற மாதிரி இருப்பது, ரத்தம் கலந்த சளி, தலைவலி, கண்ணைச் சுற்றி வீக்கம் இதெல்லாம் அடையாளம். சுச்ருத சம்ஹிதையில் கிருமியால் வரும் சிரோரோகம் என்று ஒன்று வருகிறது; மூக்கிலிருந்து ரத்தமும் நீரும் வடிவதை அங்கே சொல்லியிருக்கிறது. இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். மூக்குக்கு மேலே மூளை இருக்கிறது. நாள் கடத்தினால் உயிருக்கே ஆபத்து.

அதே சம்ஹிதையில் சிகிச்சா ஸ்தானத்தில், புண்ணில் ஈ வந்து கிருமிகளை விடுவதாகத் தெளிவாகவே இருக்கிறது. ஸ்வேதஜம் என்று சொல்லி விட்டுவிடவில்லை பாருங்கள்! துளசி முதலான மூலிகைகளின் கஷாயத்தால் கழுவு என்கிறார். மாமிசத் துண்டை வைத்து மூடிப் புழுவை வெளியே வரவழைக்கலாம் என்றும் சொல்கிறார். 1993-ல் அமெரிக்க மருத்துவ சங்கத்தின் பத்திரிகையில், தோலுக்கடியில் இருக்கும் ஒரு வகைப் புழுவைப் பன்றிக்கொழுப்பை மேலே வைத்து வெளியே வரவழைத்ததாக டாக்டர்கள் எழுதியிருந்தார்கள். நம்மாத்து அடுப்பங்கரையில் கிடைக்காத சரக்கு என்பதால் மேலே போகிறேன்.

கொழுப்பை வைத்தால் ஏன் வெளியே வருகிறது? இந்தப் புழு மூச்சு விடுவது பின்பக்கத்தால். தலை சதைக்குள்ளே, வால் காற்றுக்கு வெளியே. காற்றை அடைத்தால் திணறி மேலே வரும். நம் ஆஸ்பத்திரிகளில் டர்பன்டைன் நனைத்த துணியைப் புண்ணில் வைத்துச் சிறிது நேரம் கழித்து, மேலே வரும் புழுக்களை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுப்பது இதனால்தான். ஒரே நாளில் எல்லாம் வந்துவிடாது. இரண்டு மூன்று நாள் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். மூக்கு என்றால் உள்ளே குழாய் விட்டுப் பார்த்து எடுப்பார்கள், தேவையானால் ஸ்கேன் எடுப்பார்கள். ஐவர்மெக்டின் மாத்திரையும் கொடுப்பதுண்டு. கோவிட் சமயத்தில் எல்லோர் வாயிலும் புகுந்த அதே மாத்திரைதான். கோவிடுக்கு அதனால் பிரயோஜனம் என்று நிரூபணமாகவில்லை. ஒட்டுண்ணிகளுக்கு அது நல்ல மருந்து. அதைக் கண்டுபிடித்த காம்ப்பெல், ஓமுரா இருவருக்கும் 2015-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இதைக் கேட்டுவிட்டு யாரும் வீட்டில் டர்பன்டைன் பாட்டிலைத் தேட வேண்டாம். கண்ணில் பட்டால் கண் போகும். மூக்கில் விட்டால் நுரையீரலுக்குள் இறங்கும். கெரசின், ஃபினாயில் ஊற்றினால் நல்ல சதையும் வெந்துபோகும். கிராமத்தில் மாட்டுக்குச் சீத்தா இலையை அரைத்துக் கட்டுவார்கள், கற்பூரம் போட்ட தேங்காயெண்ணெய் விடுவார்கள். மாட்டுக்கு அது சரி. நாமாக இடுக்கியால் இழுத்தால் புழு பாதியில் அறுந்து உள்ளே தங்கிவிடும். அதன் உடம்பில் பின்னோக்கிய சின்னச் சின்ன முட்கள் வரிசையாக இருக்கின்றன, லேசில் வராது. சுத்தமான துணியால் மூடி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போவதுதான் வீட்டு வைத்தியம். "புண்ணில் புழு இருக்கிறது" என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். அவர்கள் பார்க்காததல்ல.

"புழுவை விட்டே புண்ணை ஆற்றுகிறார்களாமே?" என்று போன வாரம் ஒரு நண்பர் கேட்டார். உண்மைதான். முதல் உலக யுத்தத்தில் ஒரு வாரம் போர்க்களத்தில் கவனிப்பாரின்றிக் கிடந்த இரண்டு சிப்பாய்களின் புண்கள், புழு இருந்தும் அழுகாமல் சுத்தமாக இருப்பதை வில்லியம் பேயர் என்ற அமெரிக்க சர்ஜன் பார்த்தார். பிறகு பால்டிமோரில் நோயாளிகளுக்கு அதையே சிகிச்சையாகச் செய்தார். 2004-ல் அமெரிக்க அரசின் மருந்துத் துறை இதற்கு அனுமதியும் கொடுத்தது. ஆனால் அது வேறு ஈ. அதன் புழு செத்த சதையை மட்டும் தின்னும். லேபரட்டரியில் கிருமி நீக்கி வளர்த்து, எண்ணி வைத்து, எண்ணி எடுப்பார்கள். நம் நீலப்பச்சை ஈயின் புழுவுக்கு அந்தப் பாகுபாடெல்லாம் கிடையாது. புண்ணைச் சுத்தம் பண்ணட்டும் என்று அதை விட்டு வைத்தால் எலும்பு வரை போகும்.

அமெரிக்காவில் இதற்கு ஒன்றுவிட்ட தம்பி ஒன்று இருக்கிறது, ஸ்க்ரூவர்ம் என்பார்கள். அதை ஒழித்த கதை பிரமாதமானது. நிப்ளிங், புஷ்லாண்ட் என்ற இரண்டு விஞ்ஞானிகள். பெண் ஈ ஆயுளில் ஒரே ஒரு தடவைதான் இணை சேரும் என்பதைக் கவனித்து, கதிர்வீச்சால் மலடாக்கிய ஆண் ஈக்களைக் கோடிக்கணக்கில் வளர்த்து விமானத்திலிருந்து விட்டார்கள். மலட்டு ஈயோடு சேர்ந்த பெண்ணின் முட்டை பொரியாது. 1954-ல் குராசாவ் தீவில் ஜெயித்தார்கள். அப்புறம் அமெரிக்காவிலிருந்தும் மெக்சிகோவிலிருந்தும் விரட்டி, பனாமாவில் எல்லை கட்டினார்கள். இருவருக்கும் 1992-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. ஆனால் 2023 முதல் அந்த எல்லையைத் தாண்டி அது மறுபடி வடக்கே கிளம்பி, 2024 நவம்பரில் மெக்சிகோவுக்குள் வந்துவிட்டது. நம் ஈக்கு இந்தியாவில் இந்த மாதிரி எதுவும் நடக்கவில்லை. ஆகவே நமக்குத் துணியும் கொசுவலையும்தான்.

ஆப்பிரிக்காவில் வேலைக்குப் போயிருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. அங்கே டும்பு ஈ என்று ஒன்று, ஈரமாக வெளியில் உலர்த்தியிருக்கும் துணியில் முட்டையிடும். அதை அப்படியே உடுத்தினால் குட்டிப்புழு தோலுக்குள் புகுந்து கட்டி மாதிரி வரும். சூடாக இஸ்திரி போட்டால் முட்டை செத்துவிடும். பிள்ளையைப் பார்க்கப் போகும் மாமிகள் மடித்துணியை மொட்டை மாடியில் உலர்த்துவார்கள். அங்கே மட்டும் மடிக்கும் இஸ்திரி தேவை.

இனி நம் வீட்டு விஷயம். சர்க்கரை உள்ளவர்கள் தினமும் ராத்திரி படுக்கும் முன் பாதத்தைப் பார்க்க வேண்டும். குனிய முடியாவிட்டால் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம். விரல் இடுக்கு முக்கியம். படுக்கையில் இருப்பவர்களை இரண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைத்து, முதுகு, இடுப்பு, குதிகால் பார்க்க வேண்டும். பகல் தூக்கத்துக்கும் கொசுவலை கட்டுங்கள். ஈ பகலில்தான் வரும், ராத்திரி கொசுவுக்கு மட்டும் வலை கட்டிப் பயனில்லை. பல் செட்டைக் கழற்றி வாயைத் துடைத்துவிட வேண்டும். கட்டு நனைந்தால், நழுவினால், அன்றே மாற்ற வேண்டும். பெற்றோர் தனியாக இருக்கும் வீடுகளில், வாரத்துக்கு ஒரு தடவையாவது யாராவது நேரில் போய்ப் பக்கத்தில் உட்கார வேண்டும். நம் கிளையில் இதற்கு ஒரு பட்டியல் போடலாம் என்று செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன். நடக்க முடிந்தவர்கள் பெயர் கொடுங்கள்.

கூட்டத்தில் கேட்ட இரண்டு கேள்விகளையும் இங்கே சேர்க்கிறேன். ஒரு மாமி, புழு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டிக்கொள்ளுமா என்று கேட்டார். ஒட்டாது. புழு ஈயாகித் திரும்பி வந்தால்தான் உண்டு. எடுத்த புழுக்களையும் பழைய கட்டையும் குப்பையில் திறந்து போடாமல் ஆஸ்பத்திரியிலேயே கொடுத்துவிட வேண்டும். தொட்டுப் பணிவிடை செய்பவர்கள் கையுறை போட்டுக்கொண்டு, பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும்.

இன்னொருவர், ஒரு தடவை சரியானால் திரும்ப வருமா என்று கேட்டார். புண் ஆறும் வரை வரலாம். நான் சொன்ன மாமிக்கு விரல்களை எடுத்த பிறகு காயம் ஆற மூன்று மாதம் பிடித்தது. அந்த மூன்று மாதமும் பெண் கூடவே இருந்து, காலையிலும் மாலையிலும் தானே கட்டு மாற்றினாள். திரும்ப வரவில்லை. மாமி இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை வருகிறார்.